வாடகையைக் குறைத்தால் ரூம் நிரம்புமா? குற்றாலத்தை வைத்து ஒரு கணக்கு

ஜூன் பிறந்துவிட்டால் குற்றாலத்து லாட்ஜுகளில் போன் ஓயாது. எடுத்ததும் வரும் முதல் கேள்வி, "தண்ணி நல்லா விழுதா?" அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் இரண்டாவது கேள்வி வரும்: "ரூம் என்ன ரேட்டு?"

இந்த இரண்டு கேள்விகளும் எந்த வரிசையில் வருகின்றன என்பதை லாட்ஜ் நடத்தப் புதிதாக வருபவர்கள் கவனிப்பதில்லை. ரூம் காலியாகக் கிடந்தால் வாடகையைக் குறைக்கிறார்கள். நிரம்பினால் ஏற்றுகிறார்கள். குறைத்தும் ஆள் வராவிட்டால் இன்னும் குறைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்கைப் பார்த்தால், சீசனில் சேர்த்தது ஆஃப் சீசனில் கரைந்திருக்கும். எந்த நாளில் எவ்வளவு குறைத்தோம், அதனால் எத்தனை பேர் கூடுதலாக வந்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

வாடகை மாறும்போது வருகிறவர்கள் எப்படி மாறுகிறார்கள் என்பதை அளந்து பார்க்க முடியும். பெரிய ஹோட்டல்கள் அதற்கு ஆளும் மென்பொருளும் வைத்திருக்கின்றன. இருபது ரூம் லாட்ஜுக்கு ஒரு நீளநோட்டு போதும். கீழே வரும் வாடகைத் தொகைகளும் ரூம் எண்ணிக்கைகளும் கணக்கை விளக்க நான் வைத்துக்கொண்டவை. உங்கள் நோட்டில் வரும் எண்கள் வேறாகத்தான் இருக்கும்.

தண்ணீர் வேறு, வாடகை வேறு

மார்ச் மாதத்தில் மெயின் அருவிப் பக்கம் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்கலாம். ஜூனில் மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் சிற்றாற்றில் தண்ணீர் வருகிறது. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் கொட்ட ஆரம்பிக்கின்றன. சாரலும் காற்றும் தென்காசி வரை தெரியும். மார்ச்சில் 1,200 ரூபாய்க்குக்கூட ஆளில்லாத ரூம், ஜூலை சனிக்கிழமை 2,500க்குப் போட்டி போட்டுக்கொண்டு போகிறது.

இந்த இரண்டு மாதங்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாடகையை ஏற்றினால் கூட்டம் கூடுகிறது என்று தோன்றும். அது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டம் தண்ணீருக்காக வந்தது. ஆனால் இதே தவறைத் தலைகீழாகச் செய்யும்போது நமக்குத் தெரிவதில்லை. மே கடைசியில் வாடகையைக் குறைத்தோம், ஜூன் முதல் வாரம் ரூம் நிரம்பியது, எனவே குறைத்தது பலித்தது என்று நம்பிவிடுகிறோம். அப்போது மழை பிடித்திருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

வாடகை அப்படியே இருக்கும்போது ஆள் கூடினாலோ குறைந்தாலோ, காரணம் வாடகைக்கு வெளியே இருக்கிறது. தண்ணீர், பள்ளி விடுமுறை, ஐயப்ப சீசன், பெரிய மழை என்று எதுவாகவும் இருக்கலாம். அதையெல்லாம் தள்ளிவிட்டு, வாடகை மாறியதால் மட்டும் எத்தனை பேர் மாறினார்கள் என்பதைத்தான் நாம் தேடப் போகிறோம்.

முதல் வேலை: நோட்டு

ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, கிழமை, அன்று சொன்ன வாடகை, போன ரூம்கள். இது எல்லா லாட்ஜிலும் இருக்கும். இத்தோடு இன்னும் சிலவற்றைச் சேருங்கள்.

தண்ணீர் நிலவரம்: நல்ல தண்ணீர், மிதமான தண்ணீர், சுத்தமாக இல்லை, வெள்ளத்தால் குளிக்கத் தடை. நான்கில் ஒன்றை எழுதினால் போதும். அப்புறம், பக்கத்தில் உங்களைப் போலவே உள்ள இரண்டு லாட்ஜுகளின் அன்றைய வாடகை. வந்தவர் எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை நாள் முன்னால் சொன்னார், நேரில் வந்தாரா, போனில் கேட்டாரா, ஆன்லைனில் புக் செய்தாரா.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலான நோட்டுகளில் அதுதான் இருக்காது: கேட்டுவிட்டுப் போனவர்கள். வாடகையைக் கேட்டுவிட்டு "பார்த்துட்டு வர்றோம்" என்று போனவர்கள் ஒரு பக்கம். ரூம் இல்லை என்று நாமே திருப்பி அனுப்பியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இருபது ரூம் உள்ள லாட்ஜில் எத்தனை பேர் கேட்டு வந்தாலும் நோட்டில் இருபதுதான் பதிவாகும். முப்பத்திரண்டு பேர் கேட்டிருந்தாலும் இருபது. இருபத்தொரு பேர் கேட்டிருந்தாலும் இருபது. இந்த இரண்டு சனிக்கிழமைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. முதலாவதில் வாடகையைத் தாராளமாக ஏற்றியிருக்கலாம். இரண்டாவதில் 200 ரூபாய் ஏற்றினாலே ஒன்றிரண்டு ரூம் காலியாக நின்றுவிடலாம். நிரம்பிய நாளில் உண்மையான கேட்பு எவ்வளவு என்பதைத் திருப்பி அனுப்பியவர்களின் எண்ணிக்கைதான் சொல்லும்.

இதை எழுத வேண்டியவர் ரிசப்ஷனில் இருக்கும் தம்பிதான், முதலாளி அல்ல. அதனால் அவருக்கு ஏன் என்று புரியவைத்து விடுங்கள். கூட்ட நேரத்தில் வார்த்தை எழுத முடியாது, கோடு போடலாம். ராத்திரி பதினோரு மணிக்கு வேனோடு வந்து கேட்டுப் போனவர்களும் கணக்கில் வர வேண்டும்.

ஒத்த நாளை ஒத்த நாளோடு

ஒரு மாதம் எழுதியதும் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். நாட்களைக் குழுவாகப் பிரியுங்கள். குற்றாலத்துக்கு எனக்குத் தோன்றும் பிரிவுகள் இவை: தண்ணீர் உள்ள வார நாள், தண்ணீர் உள்ள சனி ஞாயிறு, தண்ணீர் குறைந்த வார நாள், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் நாட்கள், எதுவும் இல்லாத வெறும் நாட்கள். தடை நாட்களைத் தனியே ஒதுக்குங்கள்.

ஒரு குழுவுக்குள் இருக்கும் நாட்களை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். தண்ணீர் உள்ள செவ்வாய்க்கிழமையில் 2,000 வாங்கியபோது என்ன நடந்தது, தண்ணீர் உள்ள இன்னொரு செவ்வாயில் 2,200 வாங்கியபோது என்ன நடந்தது? இதுதான் கேள்வி.

உங்கள் ஊர் வேறாக இருந்தால் பிரிவும் மாறும். திருவண்ணாமலையில் பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் தனிக் குழு. மண்டபங்கள் நிறைந்த ஊரில் முகூர்த்த நாள் தனிக் குழு. ஆடி பிறந்தால் ஜவுளிக்கடைக்காரர் தள்ளுபடி போட்டுத் துணியை விற்றுவிடலாம். மண்டபத்துக்குப் பக்கத்து லாட்ஜ் அதே மாதிரி வாடகையைத் தள்ளுபடி செய்தால், அதற்காக யாரும் ஆடியில் கல்யாணம் வைக்கப் போவதில்லை.

நெகிழ்ச்சி என்ற ஓர் எண்

பதினோராம் வகுப்புப் பொருளாதாரத்தில் தேவை நெகிழ்ச்சி என்று படித்திருப்பீர்கள். ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1890இல் தெளிவாக வகுத்துக் கொடுத்த கருத்து அது. விலை ஒரு சதவீதம் ஏறினால் வாங்குவது எத்தனை சதவீதம் குறைகிறது என்பதுதான் அந்த எண்.

தண்ணீர் உள்ள வார நாளில் 2,000 ரூபாய்க்கு சராசரியாக 15 ரூம் போகிறது. 2,200 ஆக்கினால் 14 போகிறது. வாடகை ஏறியது 10 சதவீதம். ரூம் குறைந்தது ஏறக்குறைய 6.7 சதவீதம். 6.7ஐப் பத்தால் வகுத்தால் 0.67. ஒன்றுக்குக் கீழே இருந்தால், ஏற்றும்போது வரவு கூடும். இங்கே 30,000 ரூபாய் 30,800 ஆகிறது. எண் ஒன்றுக்கு மேலே போனால் ஏற்றும்போது வரவு குறையும். குறைத்தால்தான் வரவு கூடும்.

இப்போது வெறும் நாள். 1,200 ரூபாய்க்கு 6 ரூம் போகிறது. 900 ஆக்கிப் பார்க்கிறோம், 7 போகிறது. வாடகை குறைந்தது 25 சதவீதம், ரூம் கூடியது சுமார் 17 சதவீதம். நெகிழ்ச்சி இங்கேயும் 0.67. வரவு 7,200லிருந்து 6,300 ஆகிவிட்டது. ஒரு ரூம் கூடுதலாகப் போயும் 900 ரூபாய் நஷ்டம். அருவியில் தண்ணீர் இல்லாத மார்ச் மாதத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர் ஏதோ வேலையாகத்தான் வருகிறார். தென்காசியில் ஒரு விசேஷம், செங்கோட்டையில் ஒரு வழக்கு, காசி விசுவநாதர் கோயில். வாடகை என்னவாக இருந்தாலும் அவர் வந்திருப்பார். குளிக்க வருகிறவரோ 500 ரூபாய் என்றாலும் வர மாட்டார்.

அடுத்து நிரம்பி வழியும் சனிக்கிழமை. 2,500 ரூபாய், 20 ரூமும் போய், 12 பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். கேட்பு 32. வாடகையை 3,000 ஆக்கினால் கேட்பு 26 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் போய்விட்டார்கள். ஆனாலும் 20 ரூமும் நிரம்புகிறது. வரவு 50,000லிருந்து 60,000. திருப்பி அனுப்பியவர்களை எண்ணாதவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் நோட்டில் அன்றும் 20, இன்றும் 20.

கணக்கில் ஒரு சிறு விஷயம். 1,500ஐ 1,000 ஆக்கினால் 33 சதவீதக் குறைவு. 1,000ஐ 1,500 ஆக்கினால் 50 சதவீத ஏற்றம். மாற்றம் ஒன்றுதான், சதவீதம் இரண்டாகிவிடுகிறது. பெரிய மாற்றம் செய்யும்போது இரண்டுக்கும் நடுவிலுள்ள 1,250ஆல் வகுங்கள். எந்தப் பக்கம் போனாலும் 40 சதவீதம் வரும். ரூம் எண்ணிக்கைக்கும் அதே மாதிரி நடு எண்ணை எடுங்கள். ஐந்து பத்து சதவீத மாற்றத்துக்கு இந்தச் சிரமம் தேவையில்லை.

குறைப்பதற்கு முன்: எத்தனை ரூம் கூடுதலாகப் போக வேண்டும்?

நெகிழ்ச்சி வரவைத்தான் சொல்கிறது, கையில் நிற்பதைச் சொல்வதில்லை. ஒரு ரூமில் ஆள் தங்கினால் ஆகும் செலவு என்று ஒன்று உண்டு: விரிப்பு, துண்டு வெளுக்கும் கூலி, சோப்பு, வெந்நீர், கரண்ட், சுத்தம் செய்யும் கூலி. நாளைக்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குத்தகைப் பணம், மாதச் சம்பளம், கடன் வட்டி இதில் சேராது. ரூம் காலியாகக் கிடந்தாலும் அவற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் வார நாள், தண்ணீர் குறைந்துகொண்டு வருகிறது. 2,000க்கு 12 ரூம் போகிறது. 1,600க்குக் குறைக்கலாமா?

எப்படியும் வந்திருக்கக்கூடிய 12 பேருக்கும் 400 குறைக்கிறோம். அதில் 4,800 ரூபாய் போய்விட்டது. புதிதாக வரும் ஒவ்வொரு ரூமும் தருவது 1,600லிருந்து 350 போக 1,250. 3 ரூம் கூடினால் 3,750; இன்னும் 1,050 நஷ்டம். 4 ரூம் கூடினால் 5,000. 200 ரூபாய் லாபம். ஆக, 12 ரூம் 16 ஆகும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் குறையுங்கள். மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். உங்கள் நோட்டில் அப்படி என்றைக்காவது கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதே 12 ரூமை 2,300க்கு ஏற்றினால்? ஒரு ரூமில் நிற்பது 1,950. ஏற்றுவதற்கு முன் மொத்தம் நின்றது 12 தடவை 1,650, அதாவது 19,800. ஒரு ரூம் குறைந்து 11 போனாலும் 21,450 நிற்கிறது. இரண்டு குறைந்து 10 ஆனால் 19,500. 300 ரூபாய்தான் குறைவு. 15 சதவீதம் ஏற்றி இரண்டு ரூமை இழந்தாலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கிறீர்கள், அதுவும் இரண்டு ரூம் வேலை மிச்சத்தோடு. இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் எண்களை வைத்துத் தாளில் போட்டுப் பார்த்தவர், அடுத்த தடவை போனில் பேரம் பேசும்போது அவசரப்பட்டு 400 குறைக்க மாட்டார்.

வருகிறவர் யார்? அவருக்கு வேறு வழி என்ன?

ஒருவர் வாடகைக்கு அசைவாரா மாட்டாரா என்பது அவர் பணக்காரரா ஏழையா என்பதைவிட, அவருக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குற்றாலத்துக்கு வருகிறவர்களை அப்படிப் பாருங்கள்.

திருநெல்வேலி, ராஜபாளையம், சிவகாசியிலிருந்து காரிலோ வேனிலோ வருகிறவர்களுக்கு மிக எளிய மாற்று இருக்கிறது: குளித்துவிட்டு, பார்டர் பரோட்டா சாப்பிட்டு, ராத்திரியே வீட்டுக்குப் போய்விடலாம். இவர்கள் வாடகைக்கு நன்றாக அசைவார்கள். உங்களுக்குப் போட்டி பக்கத்து லாட்ஜ் மட்டுமல்ல, அவர்கள் வீட்டுக் கட்டிலும்தான். வார நாள் சலுகை பலிப்பது இவர்களிடம்.

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வரும் குடும்பம் வேறு. ரயில் டிக்கெட் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் இரண்டு மாதம் முன்னால், தண்ணீர் வருமா என்று தெரியாமலே டிக்கெட் எடுத்திருப்பார்கள். லீவு போட்டாகிவிட்டது. மொத்தச் செலவில் லாட்ஜ் வாடகை ஒரு பகுதிதான். வாடகை 300 கூடியதற்காகப் பயணத்தை நிறுத்த மாட்டார்கள். ஆனால் உட்கார்ந்து பத்து லாட்ஜின் படத்தையும் வாடகையையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. ஊருக்கு வருவது உறுதி. உங்களிடம் வருவது உறுதியில்லை.

வேனில் வரும் இளைஞர் கூட்டம் வாடகையைத் தலைக்கு வகுத்துப் பார்க்கும். நான்கு பேர் தங்கும் ரூமில் 300 ஏறினால் தலைக்கு 75 ரூபாய். அவர்களுக்கு ரூம் கிடைப்பதே பெரிது, அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல்.

ஐயப்ப பக்தர்கள் பெரும்பாலும் குருசாமி ஒருவர் பொறுப்பில் வருவார்கள். அவர் வருஷா வருஷம் வருகிறவர். போன வருஷ வாடகை அவருக்கு நினைவிருக்கும். பத்து ரூமுக்கு ஒரே ஆள் முடிவெடுக்கிறார் என்பதால், அவர் போனால் பத்தும் போகும். சராசரிக் கணக்கில் இவரைச் சேர்க்காமல் தனியாகப் பேசுங்கள்.

தங்கும் நாளும் கணக்கில் வரும். இதற்கு நல்ல உதாரணம் வேலூர். சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். வைத்தியத்தைத் தள்ளிப்போட முடியாது, எனவே ஊருக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆனால் நாளைக்கு 100 ரூபாய் ஏறினால் இருபது நாளில் 2,000 ரூபாய். அவர் மறுநாளே அடுத்த தெருவில் ரூம் பார்ப்பார். ஒரு ராத்திரி தங்குகிறவருக்கு அதே 100 ரூபாய் கண்ணில்கூடப் படாது.

பக்கத்து லாட்ஜ் குறைத்தால்

மேலே சொன்னதிலேயே ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. ஊர் மொத்தத்துக்கும் உள்ள நெகிழ்ச்சி வேறு, உங்கள் ஒரு லாட்ஜின் நெகிழ்ச்சி வேறு. ஜூலை சனிக்கிழமை எல்லோரும் 300 ஏற்றினால் குற்றாலத்தில் கூட்டம் பெரிதாகக் குறையாது. நீங்கள் மட்டும் 300 ஏற்றினால் உங்கள் ஆள் எதிர்வீட்டுக்குப் போவார். அதனால்தான் பக்கத்து வாடகையையும் தினம் எழுதச் சொன்னேன்; அது இல்லாமல் உங்கள் எண்ணுக்குப் பொருள் கிடையாது.

குறைக்கும்போதும் இப்படித்தான். நீங்கள் இன்று 400 குறைத்தால் பக்கத்திலிருந்து நாலு பேர் வருவார்கள். நாளைக்கு அவரும் 400 குறைப்பார். நாலு பேர் திரும்பிப் போவார்கள். இரண்டு லாட்ஜும் பழைய கூட்டத்தோடு, 400 குறைந்த வாடகையில் நிற்கும். ஊருக்குக் கூடுதலாக ஓர் ஆள்கூட வந்திருக்க மாட்டார். குறைத்த முதல் நாள் கணக்கை நம்பாதீர்கள். மூன்று வாரம் பாருங்கள்.

சோதித்துப் பார்ப்பது

நோட்டு இரண்டு மாதம் ஓடிய பிறகு இதைச் செய்யலாம். ஒரு குழுவை எடுங்கள். தண்ணீர் உள்ள செவ்வாய், புதன், வியாழன் நல்ல தேர்வு. ஒரு வாரம் பழைய வாடகை, அடுத்த வாரம் எட்டு அல்லது பத்து சதவீதம் கூடுதல், மறுபடி பழையது. இப்படி மாறி மாறி ஆறிலிருந்து எட்டு வாரம். அந்த நேரத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். புதுப் படம் போடுவது, இலவச டிபன் தொடங்குவது எல்லாம் பிறகு. தண்ணீர் நின்றுவிட்ட நாளும் தடை விழுந்த நாளும் கணக்கில் வரக் கூடாது.

ஒரு நாளை வைத்து முடிவெடுக்காதீர்கள். இருபது ரூமில் ஒரு குடும்பம் வருவதும் வராததும் ஐந்து சதவீதம். அது வெறும் தற்செயலாக இருக்கலாம்.

ஏற்கனவே புக் செய்தவருக்கு வாடகையை மாற்றாதீர்கள். ஒரே நாளில் ஒரே மாதிரி ரூமுக்கு ஆளைப் பார்த்து வாடகை சொல்லவும் வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். வராந்தாவில் இரண்டு குடும்பம் பேசிக்கொண்டால் போதும், அடுத்த வருஷம் இரண்டும் வராது. நாளுக்கு நாள் வாடகை மாறுவதை யாரும் தப்பு சொல்வதில்லை. முகத்துக்கு முகம் மாறுவதை யாரும் மன்னிப்பதில்லை.

வருகிறவர் கட்டுவதும் நமக்கு நிற்பதும்

நீங்கள் சொல்லும் வாடகையை வைத்து அவர் முடிவெடுப்பதில்லை. கடைசியில் கட்ட வேண்டிய தொகையை வைத்து முடிவெடுக்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல், நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 2,000 ரூபாய் ரூமுக்கு 2,240 கட்டியவர் இப்போது 2,100 கட்டுகிறார். ஆனால் இந்த 5 சதவீதத்தில், நீங்கள் பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அது உங்கள் செலவில் சேரும்.

அந்தத் தேதியை வைத்து வரி குறைந்ததால் எத்தனை பேர் கூடினார்கள் என்று பார்க்க ஆசை வரும். கவனம்: அடுத்த ஒன்பதாம் நாள், அக்டோபர் 1, ஆயுத பூஜை. அந்த வாரக் கூட்டத்தை வரிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

காட்டேஜ், ரிசார்ட் நடத்துபவர்கள் 7,500 என்ற கோட்டை மறக்கக் கூடாது. 7,500 ரூபாய்க்கு வருகிறவர் கட்டுவது 7,875. நூறு ரூபாய் ஏற்றி 7,600 ஆக்கினால் வரி 18 சதவீதம். அவர் கட்டுவது 8,968. நூறு ரூபாய்க்காக அவரிடம் ஆயிரத்துக்கு மேல் ஏற்றிவிடுகிறோம். ஏற்றினால் நன்றாகத் தாண்டி ஏற்றுங்கள், இல்லையென்றால் கோட்டுக்குள் இருங்கள்.

ஆன்லைன் தளங்களின் கமிஷனும் இப்படித்தான். 20 சதவீதம் என்று வைத்தால் 2,000 ரூபாயில் 400, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 72. கையில் வருவது 1,528. அதே ரூமை நேரடியாகப் போன் செய்தவருக்கு 1,800க்குக் கொடுத்தால் அவருக்கு 200 மிச்சம், உங்களுக்கு 272 கூடுதல். வேறு எங்கும் குறைந்த வாடகைக்குத் தரக் கூடாது என்று ஹோட்டல்களைக் கட்டிப்போடும் நிபந்தனைகளை நீக்கும்படி இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு உத்தரவிட்டது. நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

போர்டு வாடகையைத் தொடாமல் குறைப்பது

எல்லோருக்கும் குறைத்தால், எப்படியும் வரும் 12 பேரிடம் 4,800 இழக்கிறோம் என்று பார்த்தோம். அசைகிறவருக்கு மட்டும் குறைக்க வழி வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985இல் செய்தது இதைத்தான். குறைந்த கட்டணம் உண்டு, ஆனால் முன்கூட்டியே வாங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அவசர வேலையாகப் போகிறவரால் அந்த நிபந்தனைக்கு உட்பட முடியாது. அவர் பழைய கட்டணத்தையே கட்டினார். மேரியட் போன்ற ஹோட்டல் நிறுவனங்கள் இந்த முறையை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டன.

குற்றாலத்துக்கு ஏற்ற நிபந்தனைகள்: திங்கள் முதல் வியாழன் வரை இரண்டாவது ராத்திரிக்கு மட்டும் குறைந்த வாடகை. முழுத் தொகையும் முன்பணமாகக் கட்டி, ரத்து செய்தால் திரும்பக் கேட்காதவருக்கு ஒரு வாடகை. அன்றே திரும்ப நினைக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துக்கு, மதியம் வந்து மறுநாள் காலை எட்டு மணிக்குக் காலி செய்யும் வாடகை. போர்டில் இருக்கும் வாடகை அப்படியே இருக்கட்டும். மார்ச்சில் "வாடகை 900" என்று கேட்டுப் போனவர் ஜூலையில் 2,500 என்றால் கொள்ளை என்பார். "வாடகை 2,000, வார நாள் சலுகை போக 1,200" என்று கேட்டவர் அப்படிச் சொல்வதில்லை.

தடை விழுந்த நாள்

சீசனில் மலையில் பெருமழை பெய்து அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை விதிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் போன்கள் வரும். எல்லாம் ரத்து செய்யக் கேட்டு. புதிதாக வந்தவர் பதறிப்போய்ப் பாதி வாடகை என்று சொல்லிவிடுவார். ரத்து செய்கிறவர் வாடகை அதிகம் என்று ரத்து செய்யவில்லை. குளிக்க முடியாது என்பதால் செய்கிறார். அவருக்குப் பாதி வாடகையால் பயன் இல்லை. தேதி மாற்றித் தருவதால் பயன் உண்டு. "அட்வான்ஸ் அப்படியே இருக்கட்டும், தடை எடுத்ததும் நானே போன் பண்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போன் செய்யுங்கள். ஏற்கனவே வந்து ரூமில் இருப்பவர்களில் கிளம்புகிறவர்களைக் கிளம்ப விடுங்கள். வெள்ளத்தைக் காட்டி இன்னொரு நாள் வாடகை வாங்க வேண்டாம். நோட்டில் அன்றைய வரியில் "தடை" என்று எழுதி, எத்தனை பேர் ரத்து செய்தார்கள், எத்தனை பேர் தேதி மாற்றினார்கள் என்ற இரண்டு எண்களை மட்டும் குறித்து வையுங்கள். தேதி மாற்றியவர்களின் போன் நம்பர் அதற்குக் கீழேயே இருக்கட்டும்.